வரிக்குதிரைப் புழு, காடைப் புழு, கண்ணாடிப் புழு... பார்த்திருக்கிறீர்களா?

பட்டுப்புழு என்றதும் உங்கள் கண் முன்னே என்ன வருகிறது? வெள்ளையாக, கொழுகொழுவென்று, மல்பெரி இலையை விடாமல் மென்றுகொண்டே இருக்கும் ஒரு புழு. அவ்வளவுதானே? அவ்வளவுதான் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்!

உடம்பு முழுக்கக் கறுப்புப் பட்டை போட்ட பட்டுப்புழு உண்டு, தெரியுமா? அதற்கு ‘வரிக்குதிரை’ என்றே பெயர்! புள்ளியும் கோடுமாகப் பழுப்பு வண்ணம் பூசிக்கொண்ட ‘காடை’ உண்டு! முதுகில் வரிசையாகப் புடைப்புகள் எழும்பிய ‘முண்டுப் புழு’ உண்டு! பழுத்த எலுமிச்சை நிறத்தில் ஒன்று! முட்டையிலிருந்து வரும்போதே சாக்லேட் நிறத்தில் ஒன்று! முதுகு நெடுகப் பிறை பிறையாக அச்சுக் குத்திய ஒன்று!

இத்தனையும் ஒரே உயிரினம்தான். விஞ்ஞானப் பெயர் பாம்பிக்ஸ் மோரி. ஒன்றோடு ஒன்று தாராளமாக இணை சேரும். எங்கோ ஒரு மரபணு மாறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்!

இலை போகும் பாதை வெளியே தெரியும்!

சாதாரணப் பட்டுப்புழு ஏன் வெள்ளையாக இருக்கிறது, யோசித்ததுண்டா? சாயமா? இல்லை! யூரிக் அமிலம்! ஆமாம், நமக்கு மூட்டில் சேர்ந்தால் வலி கொடுக்கிறதே, அதேதான். புழுவின் தோலுக்குள் அது நுண்ணிய துகள்களாக நிறைந்து, ஒளியைச் சிதறடித்து, பால் வெண்மையைக் கொடுக்கிறது.

அந்தத் துகள்கள் தோலில் சேராமல் போனால்? புழு கண்ணாடியாகிவிடும்! ஆராய்ச்சியாளர்கள் இதை ‘எண்ணெய்ப் புழு’ என்கிறார்கள். எண்ணெய் பட்ட காகிதத்தில் வெளிச்சம் ஊடுருவுமே, அந்தப் பளபளப்பு. கையில் எடுத்து விளக்கருகே பிடித்தால் உடம்புக்குள் கரும்பச்சையாக ஒரு குழாய் ஓடுவது தெரியும். அதுதான் குடல்! தின்ற இலை தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை நிரம்பியிருப்பதை அறுக்காமலே பார்க்கலாம்!

இப்படித் தோலைக் கண்ணாடியாக்கும் மரபணு ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் யூரிக் அமிலம் உருவாகித் தோலுக்கு வந்து சேரும் வழியில் ஏதாவது ஓரிடத்தில் தடை போடுகிறது.

வயிற்றில் முளைக்கும் மார்புக் கால்!

இது இன்னும் விசித்திரம்! பட்டுப்புழுவுக்கு மார்பில் மூன்று ஜோடி உண்மைக் கால்கள். வயிற்றுப்பகுதியில் இருப்பவை தடித்த, பிடித்துக்கொள்ள மட்டும் உதவும் போலிக் கால்கள். ஆனால் ‘ஈ’ (E) என்ற மரபணுத் தொகுதியில் ஒருவகைக் கோளாறு தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துவிட்டால், முட்டைக்குள் இருக்கும் கருவின் வயிற்றுக் கண்டங்களிலும் மார்புக் கால்கள் முளைத்துவிடுகின்றன! பாவம், அந்தக் கரு பொரிவதில்லை. ஆனால் ஓர் உடம்பில் எந்த உறுப்பு எங்கே முளைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுக்களைப் பற்றி அது சொல்லிக்கொடுத்தது ஏராளம். இதே வகை மரபணுக்கள் ஈயிலும் எலியிலும் நம்மிலும் இருக்கின்றன!

மெண்டலின் விதி செடிக்கு மட்டுமா? பதில் சொன்னது பட்டுக்கூடு!

பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் கண்ட பரம்பரை விதி 1900-ல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. விலங்குகளுக்கும் அது பொருந்துமா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது, ஜப்பானிய விஞ்ஞானி டோயாமா கமேதாரோ என்ன செய்தார் தெரியுமா? சயாமுக்குப் போனார்! அதாவது இன்றைய தாய்லாந்துக்கு. பட்டு வளர்ப்பைச் சீர்படுத்த சயாம் அரசாங்கம்தான் அவரை 1902-ல் அழைத்திருந்தது.

அங்கே மஞ்சள் கூடு கட்டும் புழுவையும் வெள்ளைக் கூடு கட்டும் புழுவையும் இணை சேர்த்தார். பிறந்தவை எல்லாமே மஞ்சள் கூடு! அவற்றைத் தங்களுக்குள் இணை சேர்த்தார். மூன்று மஞ்சளுக்கு ஒரு வெள்ளை! பட்டாணியில் வந்த அதே 3-க்கு 1 கணக்கு! 1906-ல் இந்த முடிவுகளை வெளியிட்டார்.

அதோடு விட்டாரா? இரண்டு வேறு இனங்களைக் கலந்தால் முதல் தலைமுறை நன்றாக வளர்கிறது, கூடும் பெரிதாகக் கட்டுகிறது, இதையே விவசாயிகளுக்குக் கொடுங்கள் என்றார். ஜப்பான் கேட்டது. அமெரிக்க வயல்களில் கலப்பின மக்காச்சோளம் பரவியது 1930-களில்தான். அதற்கு முன்பே ஜப்பானியப் பட்டு விவசாயிகள் கலப்பினத்துக்கு மாறிவிட்டார்கள்! ஒட்டுரக விவசாயத்துக்கு முன்னோடி ஒரு புழு!

அப்படியானால் பழைய இனங்கள் எதற்கு?

நல்ல கேள்வி! கலப்பினத்தின் வீரியம் முதல் தலைமுறையோடு சரி. அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும். அதனால்தான் விவசாயி ஒவ்வொரு முறையும் புதிதாக முட்டைத் தொகுதி வாங்குகிறார். அந்த முட்டை வேண்டுமென்றால் தாய் இனமும் தந்தை இனமும் கலப்பில்லாமல் எங்காவது உயிரோடு இருந்தாக வேண்டும்!

இங்கேதான் தலை சுற்றவைக்கும் சிக்கல். நெல் விதையைக் காயவைத்துக் குளிரறையில் பல வருடம் வைக்கலாம். பட்டுப்புழு முட்டையை அப்படி வைக்க முடியாது! உறங்கும் வகை முட்டை என்றால்கூட ஏறக்குறைய ஒரு வருடம்தான். அதற்குள் பொரிக்க வைத்து, இலை போட்டு, கூடு கட்டவைத்து, அந்துப்பூச்சியை இணை சேர்த்து, மறுபடி முட்டை எடுக்க வேண்டும். வருடத்தில் பல தலைமுறை காணும் வெப்பநாட்டுப் ‘பல சந்ததி’ இனங்களின் முட்டைக்கு அந்த உறக்கமும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிந்துவிடும். வருடம் முழுக்க வளர்ப்புத்தான்! ஒரே ஒரு சுற்று தவறினாலும் ஓர் இனம் பூமியிலிருந்தே மறைந்துவிடலாம்!

ஜப்பானின் ஃபுகுவோகாவில் கியூஷூ பல்கலைக்கழகம் 400-க்கும் மேற்பட்ட வகைகளை இப்படித்தான் காப்பாற்றிவருகிறது. தனகா யோஷிமாரோ என்ற மரபியலாளர் தொடங்கிவைத்த சேகரிப்பு அது. வயது நூற்றாண்டைத் தாண்டிவிட்டது! போர் வந்தது, பஞ்சம் வந்தது, பட்டுத் தொழிலே சரிந்தது. 1929-ல் ஜப்பானில் சுமார் 22 லட்சம் குடும்பங்கள் பட்டுப்புழு வளர்த்தன. இன்று 300 குடும்பங்கள்கூட இல்லை! ஆனாலும் வருடா வருடம் இலை பறிக்கிறார்கள், தட்டு தட்டாகப் புழு வளர்க்கிறார்கள். என்னைக் கேட்டால், கோயில் விளக்கை அணையாமல் காப்பவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையை இவர்களுக்கும் கொடுக்கலாம்.

நம்ம ஓசூரில் ஓர் உயிர்ப் புதையல்!

இந்தியாவின் பட்டுப்புழு இனங்களுக்கெல்லாம் காப்பகம் எங்கே இருக்கிறது தெரியுமா? டெல்லியா? மைசூரா? இல்லை, தமிழ்நாட்டில், ஓசூரில்! மத்தியப் பட்டு வாரியத்தின் மரபு வள மையம் அங்கேதான் இயங்குகிறது. 450-க்கும் மேற்பட்ட பட்டுப்புழு வகைகள்! 1,200-க்கும் மேற்பட்ட மல்பெரி வகைகள்! புழுவை மட்டும் காப்பாற்றினால் போதுமா, அது தின்னும் இலைக்கும் இனம் வேண்டுமே!

அங்கே யார் யார் இருக்கிறார்கள்? வங்காளத்தின் தங்க மஞ்சள் கூட்டுக்காரி நிஸ்தாரி! அசாமின் சருபாட், மோரியா! கர்நாடகத்தின் மைசூர் நாட்டு இனம்! இந்த மைசூர் இனத்தின் கூடு சிறியது, இளம் பச்சை கலந்த மஞ்சள் நிறம், முனை கூராக இருக்கும். ஒரு கூட்டிலிருந்து வரும் இழை 400 மீட்டர் வந்தாலே பெரிது. இன்றைய வெண்பட்டுக் கலப்பினமோ 1,000 மீட்டர் தாண்டுகிறது! பிறகு எதற்கு இந்தக் குட்டைக் கூடு?

வெயிலையும் நோயையும் தாங்கும் திறமைக்காக! குளிர்நாட்டு வெள்ளை இனம் இழையைக் கொடுக்க, மைசூர்த் தாய் தாக்குப்பிடிக்கும் உடம்பைக் கொடுக்க, பிறந்த கலப்பினம்தான் தென்னிந்தியப் பட்டுத் தொழிலைப் பல பத்தாண்டுகள் தூக்கி நிறுத்தியது! இந்தத் தாய் இனத்தைக் கலப்பு நேராமல் வளர்ப்பதற்கென்றே கர்நாடகத்தில் மாகடி, குணிகல் பக்கம் தனி விதைக்கூட்டுப் பகுதிகள் இருக்கின்றன!

அரண்மனையில் தப்பிய சின்னக் கூடு!

டோக்கியோ அரண்மனைக்குள் பட்டுப்புழு வளர்க்கிறார்கள், அதுவும் பேரரசியே தன் கையால் இலை போடுகிறார் என்றால் நம்புவீர்களா? 1871-ல் ஆரம்பித்த வழக்கம் இது!

அங்கே ‘கொய்ஷிமாரு’ என்று ஒரு பழைய ஜப்பானிய இனம். கூடு சின்னது, நடுவில் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். இழையும் குறைவு. 1980-களில், இனி இது எதற்கு, நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்தது. பின்னாளில் பேரரசியான மிச்சிகோ, கொஞ்ச காலமாவது வைத்திருப்போமே என்று காப்பாற்றினார்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம்! நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8-ம் நூற்றாண்டுப் பட்டுத் துணிகள் இருக்கின்றன. அவற்றைப் பழைய முறையிலேயே மறுபடி நெய்ய முயன்றபோது, இன்றைய இழைகள் தடிமனாக இருந்தன. பொருந்தவே இல்லை! அந்தக் காலத்து மெல்லிழைக்குப் பொருந்தி வந்தது எது? கொய்ஷிமாரு! 1994 முதல் அரண்மனைக் கூடுகள் அந்தப் பணிக்குப் போயின. 1,200 வருடத்துக்கு முந்தைய துணிக்கு நூல் கொடுத்தது, நிறுத்தப்பட இருந்த ஒரு புழு!

ஒரே ஒரு மரபணு, ஒரு வைரஸுக்கு முழுத் தடை!

டென்சோ வைரஸ் தாக்கினால் பட்டுப்புழு இலை தின்னாமல் வதங்கிச் சாகும். ஆனால் சில இனங்களுக்கு ஒன்றுமே ஆவதில்லை! எவ்வளவு வைரஸ் கொடுத்தாலும் சரி! ஏன்? 2008-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்த இனங்களில் ஒரு மரபணுவிலிருந்து சுமார் 6,000 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன! குடல் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம் அதனால் சிதைந்துவிடுகிறது. வைரஸ் உள்ளே நுழையும் கதவே அதுதான்! கதவே இல்லாத வீட்டில் திருடன் எப்படி நுழைவான்? இந்த மரபணு கிடைத்தது எங்கே? காப்பகத்துத் தட்டுகளில்!

நோய்க்கு எதிராக ஓர் உரல்!

1850-களில் ஐரோப்பாவின் பட்டுப்புழுக்களைக் கருமிளகுப் பொடி தூவியதுபோல் புள்ளி விழவைத்த ‘பெப்ரின்’ நோய் கொன்று குவித்தது. 1865-ல் பிரான்ஸ் அரசு யாரை அனுப்பியது தெரியுமா? லூயி பாஸ்டரை! அவர் அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டதே இல்லை! பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரின் வீட்டுக்குப் போய், ஒரு கூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப்பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று கேட்டாராம்! கூட்டுக்குள் கூட்டுப்புழு இருக்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை!

ஐந்தே வருடத்தில் அவர் கொடுத்த தீர்வு இன்றைக்கும் நம்ம ஊரில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் நடக்கிறது. தாய் அந்துப்பூச்சி முட்டையிட்டு முடித்ததும், அதைச் சின்ன உரலில் போட்டுக் கரைசல் ஊற்றி இடிக்கிறார்கள். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்நோக்கியில் பார்க்கிறார்கள். பளபளவென்று முட்டை வடிவ நுண்வித்துகள் தெரிந்தால்? அந்தத் தாய் இட்ட நானூறு ஐந்நூறு முட்டைகளும் அப்படியே நெருப்புக்கு! 150 வருடத்துக்கு மேலாகியும் இந்தச் சோதனையை எந்த நவீனக் கருவியும் ஓரங்கட்டவில்லை!

46 டிகிரி! இரண்டு அதிசயம்!

உறங்கும் முட்டையைச் சீக்கிரம் எழுப்ப என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறார்கள்! அதுவும் 46 டிகிரி சூட்டில், 5 நிமிடம்! புழு சாகாது, உறக்கம்தான் கலையும்!

அதே 46 டிகிரியில் சோவியத் விஞ்ஞானி போரிஸ் அஸ்டவுரோவ் வேறொன்று செய்தார். கருவுறாத முட்டைகளை 18 நிமிடம் சுடவைத்தார். ஆண் பூச்சியே இல்லாமல் முட்டைகள் கருவாக வளர்ந்தன! பிறந்தவை அத்தனையும் பெண், அத்தனையும் தாயின் அச்சு நகல்! நகல் ஆடு டாலி பிறந்தது 1996-ல். இது நடந்தது 1930-களில்!

உறக்கம் என்றதும் இன்னொன்று. வருடத்துக்கு இரண்டு தலைமுறை காணும் ‘இருசந்ததி’ இனத்தில், ஒரு முட்டையை 25 டிகிரியில் வெளிச்சத்தில் வைத்துப் பொரிக்கவையுங்கள். அதிலிருந்து வளர்ந்த பெண் பூச்சி, உறங்கும் முட்டைகளை இடும். 15 டிகிரியில், இருட்டில் வையுங்கள். உறங்காத முட்டைகளை இடும்! தான் முட்டைக்குள் கருவாக இருந்தபோது பட்ட குளிரை, பிள்ளைகளுக்கு முட்டையிடும் நாள் வரை அந்தத் தாய் உடம்பு நினைவில் வைத்திருக்கிறது!

ஆணா, பெண்ணா? முடிவு ஒரு துணுக்கின் கையில்!

மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் உயிரணு முடிவு செய்கிறது. பட்டுப்புழுவில் நேர்மாறு. தாய்தான்! தாயிடம் மட்டும் இருக்கும் டபிள்யூ குரோமோசோம் வந்தால் பெண். அதில் அப்படி என்ன மந்திரம்? 2014-ல் விடை வந்தது. சுமார் 30 எழுத்தே நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கு! புரதம்கூட இல்லை!

ஆண் புழு குறைவாகத் தின்று அதிகப் பட்டுக் கொடுக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான புழுக்களில் எது ஆண்? ஜப்பானின் தஜிமா யதாரோ 1941-ல் எக்ஸ் கதிர் பாய்ச்சி, உடல் கோடுகளுக்கான மரபணுவைப் பெயர்த்து டபிள்யூ குரோமோசோமில் ஒட்டவைத்தார். விளைவு? கோடு போட்டதெல்லாம் பெண், வெறும் வெள்ளை எல்லாம் ஆண்! கண்ணாலேயே பிரித்துவிடலாம்!

ஒரு செல்லுக்குள் லட்சக்கணக்கான நகல்!

பட்டுச் சுரப்பியின் பின்பகுதியில் மொத்தமே 500 செல்கள் அளவில்தான். புழு வளர வளர அவை பிரிவதே இல்லை. டி.என்.ஏ. மட்டும் உள்ளேயே இரட்டிப்பாகிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு செல்லுக்குள் 2 லட்சம், 4 லட்சம் நகல்! எதற்கு? சில நாட்களுக்குள் ஒரு கிலோமீட்டர் நீள இழைக்கு வேண்டிய புரதம் தயாராக வேண்டுமே! அந்தப் புரதத்தின் பெரிய சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள்! பிறக்கும்போது அரை மில்லிகிராம்கூட இல்லாத புழு, ஒரு மாதத்துக்குள் 10,000 மடங்கு எடை கூடுகிறது!

வாசனைக்கு 5 லட்சம் பூச்சி!

பெண் அந்து ஆணை அழைக்கும் வாசனைப் பொருளைப் பிரித்தெடுக்க, ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டெனன்ட் எத்தனை பூச்சிகளைப் பயன்படுத்தினார் தெரியுமா? சுமார் 5 லட்சம்! கிடைத்தது சில மில்லிகிராம். 1959-ல் அறிவித்தார். உலகம் அடையாளம் கண்ட முதல் ஃபெரோமோன் அதுதான்!

46 கோடி எழுத்து, 545 புத்தகம்!

பட்டுப்புழுவின் மரபுத் தொகுதியில் சுமார் 46 கோடி எழுத்துகள். ஜப்பானும் சீனாவும் 2004-ல் தனித்தனியே முதல் வரைவை வெளியிட்டன. 2022-ல் சீனாவின் சோங்சிங் நகரத்து விஞ்ஞானிகள் 1,078 பட்டுப்புழுக்களின் மரபுத் தொகுதிகளைப் படித்து, அவற்றில் 545-ஐ நீள நீளத் துண்டுகளாக வாசித்து முழுமையாகத் தைத்துக் காட்டினார்கள். பட்டுப்புழுவுக்கு 28 ஜோடிக் குரோமோசோம். சீனக் காட்டு மூதாதைக்கும் 28. ஜப்பானியக் காட்டு உறவினருக்கோ 27! அப்படியானால் வீட்டுப் புழு எங்கிருந்து வந்தது? கணக்கே சொல்லிவிட்டது, சீனாவிலிருந்து!

நம் நாட்டுக் காட்டுப் பட்டுகளின் கணக்கு வேறு. அசாமின் மூகாவுக்கு 15. டசாருக்கு 31! டசாரிலும் சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டுக்கு ரைலி, ஒடிசா காட்டுக்கு மோடல் என்று ஊருக்கு ஊர் தனி இனம்! இவற்றைத் தட்டில் வைத்து வளர்க்க முடியாது. காடு இருந்தால்தான் ரைலி இருக்கும்!

ஒளிரும் பட்டு, சிலந்திப் பட்டு!

2000-ல் பட்டுப்புழுவுக்குள் வெளி மரபணுவை நிலையாகப் புகுத்தும் வழி பிறந்தது. பிறகு கேட்க வேண்டுமா? ஜெல்லி மீனின் மரபணு போய் பச்சையாக ஒளிரும் பட்டு வந்தது! 2003-ல் மனிதக் கொலாஜன் புரதத்தைக் கூட்டிலேயே சுரக்கும் புழு! 2023-ல் சீன விஞ்ஞானிகள் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் சிலந்திப் பட்டு நூற்கும் புழுவை உருவாக்கினார்கள். அறுவதற்கு முன் அந்த இழை தாங்கும் ஆற்றல், குண்டு துளைக்காத உடுப்புக்குப் பயன்படும் கெவ்லாரைவிட 6 மடங்காம்!

சூலகத்தை உறையவைத்தால்?

வருடா வருடம் இலை போட்டு வளர்க்காமல் இனத்தைக் காக்க வழியே இல்லையா? இருக்கிறது! பட்டுப்புழுவின் முட்டைதான் உறைபனியைத் தாங்காது. ஆனால் இளம் புழுவின் சூலகத்தை எடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைக்கலாம்! வேண்டும்போது வெளியே எடுத்து, வேறோர் இனத்துப் புழுவின் உடம்புக்குள் பொருத்துகிறார்கள். அந்தப் புழு கூடு கட்டும், அந்துப்பூச்சியாகும், முட்டைக்கும் தாயாகும். முட்டைக்குள் இருப்பதோ, உறைந்து கிடந்த அந்தப் பழைய இனத்தின் பிள்ளை! ஆணுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. விந்தணுவை உறையவைத்து, வேண்டும்போது செயற்கையாகக் கருவூட்டுகிறார்கள். ஒரு மனிதர் ஊசிமுனைக் கருவியோடு குனிந்து, சின்னஞ்சிறு புழுவுக்கு உறுப்பு மாற்று அறுவை செய்கிறார் என்றால், நம்ப முடிகிறதா உங்களால்?